ரெசிடென்டேயா, இம்மார்ட்டல் டெக்னிக்கா?

அரசியல் பேசும் இந்த ராப் பாடகர்கள் இருவரும் 1978 பிப்ரவரியில், நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். 19ஆம் தேதி பெருவின் தலைநகர் லிமாவில் ஃபெலிப்பே கொரோனெல். 23ஆம் தேதி, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ரெனே பெரெஸ். முன்னவர் இம்மார்ட்டல் டெக்னிக் ஆனார், பின்னவர் ரெசிடென்டே. அமெரிக்க வல்லாதிக்கத்தையும் உள்ளூர் ஊழலையும் சாடுவதில் இருவரும் ஒரே கட்சி. பாட்டை மக்களிடம் கொண்டுபோன வழிதான் வேறு. அரசியல் பேசும் ராப்பர் பெரிய இசைக் கம்பெனியில் சேரலாமா கூடாதா என்று யாராவது வாதம் தொடங்கினால், இவர்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

டெக்னிக்கின் குடும்பம் 1980இல் நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரிக் காலத்தில் அடிதடி வழக்கில் சிக்கி ஓராண்டு சிறையில் இருந்தார். 1999இல் பரோலில் வெளியே வந்ததும் நேருக்கு நேர் ராப்பில் மோதும் 'பேட்டில் ராப்' மேடைகளில் எதிராளிகளைப் புரட்டி எடுக்க ஆரம்பித்தார். 2001இல் வந்த முதல் ஆல்பத்துக்குக் கம்பெனியே கிடையாது. சிடியைத் தெருவில் நின்று தானே விற்றார். அழைப்புகள் வந்த பிறகும் பெரிய கம்பெனி எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பாட்டின் உரிமை கைவிட்டுப் போனால் பேச்சும் போய்விடும் என்பது அவர் கட்சி. 2008 ஆல்பத்தில் வந்த வருமானத்தைக் கொண்டு காபூலில் ஓர் அநாதை இல்லம் அமைக்க உதவினார். 2011இல் ஓர் ஆல்பத்தை இலவசமாகவே இணையத்தில் விட்டார். சொன்னபடி நடந்தவர், சந்தேகமில்லை.

ரெசிடென்டே இதற்கு நேர் எதிர். ஓவியம் படித்தவர். தன் தாய் மறுமணம் செய்துகொண்டவரின் மகனான எதுவார்தோ கப்ராவுடன் சேர்ந்து 'கால்யே 13' குழுவைத் தொடங்கி, சோனி மாதிரி ராட்சத கம்பெனியின் வழியே கண்டம் முழுக்கப் போனார். உள்ளே நுழைந்து உள்ளிருந்தே வெடிப்பதுதான் என் உத்தி என்று ஒரு பாட்டில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கம்பெனிக்குள் போகும் எல்லாரும் சொல்வதுதானே இது என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் இவர் விஷயத்தில் வெடித்ததற்குச் சாட்சி இருக்கிறது.

2005 செப்டம்பர் 23 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் விடுதலைப் போராளி ஃபிலிபெர்தோ ஒஹேதா ரியோஸை எஃப்பிஐ சுட்டுக் கொன்றது. சூடு ஆறுவதற்குள் எஃப்பிஐயை நேரடியாக விளித்து ஒரு பாட்டை இணையத்தில் இலவசமாக விட்டார் ரெசிடென்டே. முதல் ஆல்பம்கூட அப்போது வெளிவந்திருக்கவில்லை. 2009இல் லத்தீன் அமெரிக்காவுக்கான எம்டிவி விருது விழாவைத் தொகுத்து வழங்கும் வாய்ப்பு கிடைத்தது. மேடைக்கு ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு டி-ஷர்ட். ஒன்றில் அந்த மாதம் காலமான அர்ஜென்டினப் பாடகி மெர்சிடெஸ் சோசாவுக்கு அஞ்சலி. இன்னொன்றில் கொலம்பிய அதிபர் உரிபேயையும் அமெரிக்க ராணுவத் தளங்களையும் சேர்த்து ஒரு குத்து. ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிய புவேர்ட்டோ ரிக்கோ ஆளுநர் ஃபோர்த்துன்யோவை மேடையிலேயே கெட்ட வார்த்தையில் திட்டினார். உரிபே டி-ஷர்ட்டுக்காக, கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரில் நடக்கவிருந்த கச்சேரியை அந்நகர மேயர் ரத்து செய்தார். தெருவில் சிடி விற்பவரின் டி-ஷர்ட்டை எந்த மேயர் கண்டுகொள்வார்?

அப்புறம் 2019 ஜூலை. புவேர்ட்டோ ரிக்கோவின் அப்போதைய ஆளுநர் ரிக்கார்தோ ரொசெய்யோவும் சகாக்களும் டெலிகிராமில் அடித்த அரட்டை 889 பக்கங்களாக அம்பலமானது. 2017இல் தீவைத் தாக்கிய மரியா புயலில் செத்தவர்களைப் பற்றிக்கூட அதில் கிண்டல். நான்கு நாளில், 17ஆம் தேதி, பாடகியான தங்கை இலேயையும் ராப்பர் பேட் பன்னியையும் சேர்த்துக்கொண்டு ரெசிடென்டே ஒரு பாட்டை வெளியிட்டார். ஊர்வலங்களிலும் முன்னால் நின்றார். 24ஆம் தேதி ஆளுநர் பதவி விலகுவதாக அறிவித்தார். பாட்டு ஆட்சியைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது ரசிகர் மிகை. கவிழ்த்தது தெருவில் இறங்கிய லட்சக்கணக்கான மக்கள். ஆனால் அந்த வேகமும் அந்தக் கூட்டமும் டெக்னிக்குக்கு ஒரு தடவைகூட வாய்க்கவில்லை.

இதில் கம்பெனியைவிட மொழிக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். டெக்னிக் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடுகிறார். பெருவின் கொக்கா தோட்டத்துக் கூலியைப் பற்றிய பாட்டு முதலில் போய்ச் சேர்வது அமெரிக்கக் கல்லூரி மாணவனிடம். ரெசிடென்டே யாரைப் பற்றிப் பாடுகிறாரோ அவர்களுக்கே அது புரிகிறது. 2011 லத்தீன் கிராமி இசை விருது விழாவில் கால்யே 13 ஒரே இரவில் 9 விருதுகளை அள்ளியபோது, அந்த ஆண்டின் சிறந்த பாடல் லத்தீன் அமெரிக்காவையே பேசவைக்கும் பாட்டு. அதில் கொலம்பியாவின் தோத்தோ லா மொம்போசினாவும் பெருவின் சுசானா பாகாவும் பிரேசிலின் மரியா ரீத்தாவும் கூடவே பாடியிருக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டணியைத் தனியாளாகக் கட்டுவது கஷ்டம்.

சரி, எழுத்து? இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. டெக்னிக்கின் 2003 ஆல்பத்தில் கொக்கெய்ன் பற்றி ஒரு பாட்டு உண்டு. இலை பறிக்கும் கூலியில் தொடங்கி நாட்டுத் தலைவர், கடத்தல்காரர், தெருமுனை வியாபாரி, மாறுவேடப் போலீஸ் என்று போய்ச் சிறைக் கைதியிடம் முடியும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ராப்பர். யாரும் யாரையும் கண்டிப்பதில்லை. அவரவர் நியாயத்தை அவரவர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பின்னணிச் செய்தி எதுவும் தெரியாமலே இன்றும் இதைக் கேட்கலாம். ரெசிடென்டேயின் ஆளுநர் பாட்டுக்கோ அந்த மாதத்துச் செய்தித்தாள் கையில் வேண்டும்.

குறைகள் இரு பக்கமும் உண்டு. அதிபர் புஷ்தான் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களைத் தகர்த்தார் என்று பல்லவி பாடவைத்த டெக்னிக்கின் சதிக்கதை எனக்குச் சகிக்கவில்லை. ரெசிடென்டே 2022இல் அர்ஜென்டின இசைத் தயாரிப்பாளர் பிசர்ராப்புடன் சேர்ந்து எட்டு நிமிடத்துக்கும் மேல் கொலம்பியப் பாடகர் ஜே பால்வினைத் திட்டித் தீர்த்தது வெறும் தெருச்சண்டை.

சிலியின் ராப்பர் ஆனா திஹூவை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நியாயமில்லைதான். சிலியின் சர்வாதிகாரி பினோசெட்டுக்குத் தப்பி பிரான்ஸ் போன பெற்றோருக்கு 1977இல் பிறந்தவர். 2019இல் மெட்ரோ கட்டண உயர்வை எதிர்த்துச் சிலி கொந்தளித்தபோது, பாத்திரம் தட்டும் போராட்டத்தையே பாட்டாக்கினார். ஆனால் அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என் ஓட்டு ரெசிடென்டேக்கு. புதிதாகக் கேட்பவருக்கு நான் முதலில் தருவது என்னவோ டெக்னிக்கின் அந்தக் கொக்கெய்ன் பாட்டைத்தான்.