மகளுக்காகப் போன இடத்தில் முதலில் என் பல்லுக்குச் சிகிச்சை

ஒன்றே முக்கால் வயது மகளின் மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீட்டியது போல வெள்ளைக் கோடு தெரிந்ததால், திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள குழந்தைகள் பல் மருத்துவமனைக்குச் சென்றேன். மூன்று மாதங்களில் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

மருத்துவர் குழந்தையைப் பெரிய நாற்காலியில் படுக்க வைக்கவில்லை. என் முழங்காலோடு தன் முழங்கால் படும்படி எதிரே அமர்ந்து, மகள் என் முகத்தைப் பார்த்தபடி என் மடியில் கிடக்க, தலையை மட்டும் தன் மடியில் தாங்கிக்கொண்டு மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். அவள் அழுத அழுகையில் வாய் தானாகவே திறந்தது. அரை நிமிடத்தில் சோதனை முடிந்துவிட்டது. வெள்ளைக் கோடுதான் சொத்தையின் தொடக்கம் என்றும், குழி விழாததால் மீட்டுவிடலாம் என்றும் சொல்லி, பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பூசினார்.

பிறகு, "இப்ப நீங்க உட்காருங்கம்மா" என்றார். எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை; ஈறிலும் இரத்தக் கசிவு. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்திலேயே வலித்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி பல்லில் கை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்ததால், கிராம்பை வைத்துக் கடித்தே சமாளித்தேன். உண்மையில் சிகிச்சைக்கு மிகவும் வசதியான காலமே அந்த நடு மாதங்கள்தான் என்று இங்குதான் தெரிந்துகொண்டேன். சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி பெரும்பாலும் தாயின் எச்சில் வழியாகவே குழந்தைக்குப் போகிறது. கஞ்சியைச் சுவைத்துப் பார்த்த அதே கரண்டியால் நான் தினமும் ஊட்டிக்கொண்டிருந்தேன். பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், குழந்தைக்கு மூன்று மாதம் ஆனது முதல் இரண்டு வயது வரை தாய்மார் மட்டும் ஸைலிட்டால் (சொத்தையை உண்டாக்காத ஓர் இனிப்பூட்டி) சேர்த்த சுயிங்கம் மென்றிருக்கிறார்கள். ஃபுளோரைடு வார்னிஷ் பூசப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், இவர்களுடைய பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் சொத்தை சுமார் 70 சதவீதம் குறைவு. தாயின் வாயைக் கவனிப்பது குழந்தைக்கான சிகிச்சையும்தான் என்பதை இந்த மருத்துவமனை நடைமுறையிலேயே காட்டுகிறது.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க? வீட்ல ஒத்தாசைக்கு யார் இருக்கா?" என்றும் மருத்துவர் கேட்டார். பிரசவத்துக்குப் பின் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது, கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்து வந்து விழித்திருக்கத் தெம்பில்லாமல், சர்க்கரை போட்ட பால்புட்டியை மகள் வாயில் வைத்தபடியே உறங்கிப்போவதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிறகு இரவுப் புட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னார். இரவு பல் துலக்கிவிடும் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைக்கச் சொல்லி, அவரையும் அழைத்து, பிரஷ்ஷில் ஓர் அரிசி அளவே பேஸ்ட் வைத்துக் காட்டினார்.

குறை கட்டணத்தில்தான். எனக்குப் பல் அடைத்து, சுத்தம் செய்து முடித்த பிறகே தொகையைச் சொன்னார்கள். அது எங்கள் மாத வரவுசெலவையே புரட்டிப்போட்டது. போகிறவர்கள் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கைக்குழந்தையோடு வரும் தாய்மார் பாலூட்ட ஒரு திரைமறைவுகூட அங்கே இல்லாததும் வருத்தமே.

மூன்றாம் முறை பார்த்தபோது மகளின் வெள்ளைக் கோடு பரவாமல் நின்று, பல்லில் பளபளப்பு திரும்பியிருந்தது. என் ஈறில் இரத்தம் வருவதில்லை. அடுத்த வார்னிஷுக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், இருவருமாகப் போவோம்.