வல்லரசு உறவு ஆய்வு: பல்கலைக்கழக மையமா, தனிச் சிந்தனைக் குழாமா?

வல்லரசுகளின் உறவையும் உலகளாவிய இடர்களையும் ஆராய, பல்கலைக்கழக மையம், தனித்து இயங்கும் சிந்தனைக் குழாம் (கொள்கைகளை ஆராய்ந்து அரசுக்கு ஆலோசனை தரும் அமைப்பு) ஆகிய இரண்டிலும் எனக்கு வாய்ப்பு அமைந்தது. நான் முன்னதைத் தேர்ந்தேன். ஆகவே என் சாய்வு வெளிப்படையானது.

வேகத்திலும் அதிகாரிகளுடனான நெருக்கத்திலும் சிந்தனைக் குழாமின் கையே ஓங்கியிருக்கிறது. அதில் வாதிட ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது தரவுப் பராமரிப்பு. ஹார்வர்டின் பெல்ஃபர் மையத்தில் அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன், எழுச்சி பெறும் அரசொன்று ஆதிக்க அரசுக்குச் சவாலாக வந்த நிகழ்வுகளைத் தேடியபோது, 500 ஆண்டுகளில் 16 மட்டுமே தேறின. அவற்றில் 12 போரில் முடிந்தன என்பது அவர் கணக்கு. எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருக்கையில், ஓரிரு நிகழ்வுகளைச் சேர்ப்பதோ நீக்குவதோ முடிவையே புரட்டிவிடும் என்பதால், பழைய போர்களை மாறாத அளவுகோலால் பதிந்து தலைமுறை தாண்டிக் காப்பவர்கள் தேவை. 1963-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய ‘கோரிலேட்ஸ் ஆஃப் வார்’ திட்டம், 1816 முதலான போர்களை 1,000 படையினர் இறப்பு என்ற வரம்பில் பதிகிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் திட்டமோ ஆண்டுக்கு 25 உயிரிழப்பிலிருந்தே மோதலைக் கணக்கில் கொள்கிறது. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் இரண்டையும் ஒட்டவைத்தால், உலகம் திடீரெனக் கொந்தளித்துவிட்டதாக வரைபடம் பொய் சொல்லும். எதை எப்படிப் பதிவது என்று சொல்லும் விதிக்கையேட்டை வரி வரியாகக் காத்து, புதிய ஆய்வு மாணவருக்குக் கற்பித்து, பேராசிரியர் ஓய்வுபெறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் இந்த அலுப்பான வேலைக்கு, சிந்தனைக் குழாம்கள் நம்பியிருக்கும் கொடையாளர்கள் எளிதில் பணம் தருவதில்லை. பல்கலைக்கழகத்திலோ அது முனைவர் பட்ட ஆய்வுகளோடு ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடுகிறது.

இதற்கு விலக்கும் உண்டு. 1966-இல் தொடங்கிய ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றே ஆயுத வணிகத் தரவுகளைப் பேணிவருகிறது. ஆனால் அதன் பின்னால் ஸ்வீடன் அரசின் மானியம் இருக்கிறது. மறுபுறம், ஆக்ஸ்ஃபோர்டில் 2005 முதல் இயங்கிய, மனிதகுலத்தையே அச்சுறுத்தும் இடர்களை ஆராய்ந்த மனிதகுல எதிர்கால நிறுவனம், பல்கலைக்கழக நிர்வாகத்துடன் நீண்ட இழுபறிக்குப் பின் 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. எனவே பல்கலைக்கழகப் பெயர்ப்பலகை மட்டும் காப்பு ஆகாது. எந்தத் துறையின்கீழ், யார் தரும் பணத்தில் மையம் நடக்கிறது என்பதை விசாரித்தே சேர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு போன்ற புதிய இடர்களுக்கு நீண்ட தரவு வரிசையே கிடையாது. அத்துறையில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே செல்வோர் சிந்தனைக் குழாமையே தேர்ந்தால் மறுக்க மாட்டேன்.