பதினாறு வயது பெட்ரோல் காரும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும்: பத்து வருட அனுபவம்

நான் இருப்பது பொள்ளாச்சியில். அக்கா வீடு வால்பாறையில். மாதம் ஒரு தடவையாவது ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். வண்டி 2009 மாடல், 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் செடான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2015-ல் 62,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இப்போது 1,71,000. எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்), அலுமினிய ஹெட் (அதன்மேல் மூடும் பாகம்), ஓரத்தில் பிளாஸ்டிக் டேங்க் வைத்த ரேடியேட்டர் என்று அந்தக் காலத்து பெட்ரோல் கார்கள் பலவற்றின் அமைப்பு இதுதான். நான் பட்டது உங்கள் வண்டிக்கும் பொருந்தலாம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் "என்னங்க கம்ப்ளைன்ட்?" என்றுதான் கேட்பார்கள். "சூடாகுது", "மிஸ் அடிக்குது", "பிரேக் சரியில்லை" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அதோடு அவர்கள் ஒரு பாகத்தை மாற்றுவார்கள், பதினைந்து நாளில் நாம் திரும்பி வந்து நிற்போம். எனக்கு உருப்படியான பதில் கிடைத்ததெல்லாம் "எப்போது?" என்று யாராவது கேட்டபோதுதான். நின்றால் சூடாகிறதா, ஓடினால் சூடாகிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் மிஸ் அடிக்கிறதா, நாள் முழுக்கவா? பிரேக் மிதித்தவுடன் மெத்தென்று இருக்கிறதா, மிதித்துப் பிடித்திருந்தால் கீழே போகிறதா? பாதிக் கோளாறு இந்தக் கேள்விகளிலேயே பிடிபட்டுவிடும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில்தான் என் கதை ஆரம்பித்தது. 2019-ல் மாதம் ஒரு டம்ளர் அளவு குறைய ஆரம்பித்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. முதல் மெக்கானிக் வாட்டர் பம்ப் என்றார், மாற்றினேன். அடுத்தவர் மேல் ஹோஸ் என்றார், இரண்டு ஹோஸையும் மாற்றினேன். ஆறாயிரம் ரூபாய் போனது, கூலன்டும் குறைந்துகொண்டே இருந்தது. நடுநடுவே போர் தண்ணியை ஊற்றிச் சமாளித்தேன். அது நான் செய்த தப்பு. உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிவு கட்டும். பின்னால் ஃபிளஷ் செய்தபோது செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. அவசரத்துக்கு ஊற்றுவதென்றால் பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு லிட்டர் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அப்போது தெரியவில்லை. ரிசர்வ் பாட்டிலில் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. கூலன்ட் சூடாகி விரியும்போது பெரிய ஸ்பிரிங் வால்வு திறந்து, மிச்சம் பாட்டிலுக்குப் போகும். ஆறியதும் நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து அது திரும்ப உள்ளே இழுக்கப்படும். மூடியின் ரப்பர் செத்துப் போனால் கூலன்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். அதனால் காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து உள்ளேயே பாருங்கள். சூடாக இருக்கும்போது தொடவே கூடாது. அந்த மூடி அழுத்தத்தையும் பிடித்து வைக்கிறது. என் மூடியில் 0.9 பார் என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட கிட்டத்தட்ட 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி போனால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். இருநூற்றைம்பது ரூபாய்ச் சாமான் அது.

2021 ஏப்ரலில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு வால்பாறை ஏறினேன். ஏழாவது வளைவில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டியது. ஏ.சி.யை அணைத்தேன். அடுத்த வளைவில் முள் சரசரவென்று கீழே இறங்கி ஏறக்குறைய குளிர்ச்சியைக் காட்டும் 'சி'க்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்பாடா, ஆறிவிட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டினேன். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ இருக்கும் இடத்துக்கு வரும்போது, இன்ஜினில் கடகடவென்று நாக்கிங் சத்தம். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. ஓரம் கட்டினேன். பானெட் இடுக்கிலிருந்து ஆவி, கூடவே ஒரு தித்திப்பான வாடை.

முள் இறங்கியது வண்டி ஆறியதால் அல்ல. சென்சார் கூலன்டில் மூழ்கி இருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். கூலன்ட் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது காற்றில் தொங்கும், முள்ளும் பொய் சொல்லும். ஏறிய முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் அந்த இடத்திலேயே வண்டியை அணையுங்கள். இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் ஹெட் தப்பித்திருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்த வழியாக வந்த ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, "ஊத்துங்கண்ணா, உடனே ஆறிரும்" என்றார். நல்ல மனசு. ஆனால் கொதிக்கும் அலுமினியத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடிப்பு விழலாம். நன்றி சொல்லி, ஆறட்டும் என்று வைத்துவிட்டு, கடைசியில் டோ செய்துதான் கீழே இறக்கினோம். ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட் நிரப்பி, பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, "ஒண்ணும் ஆகலை, ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறு தொல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பத்து விநாடி குலுங்கும், பிறகு சரியாகிவிடும். நாள் முழுக்க எந்தக் குறையும் இருக்காது. ஸ்பார்க் பிளக் நாலும் மாற்றினேன், ஒரு இக்னிஷன் காயிலும் மாற்றினேன். பலன் இல்லை. கழற்றிய பழைய பிளக்குகளை வீட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நான்கு மூன்றும் பழுப்பு நிறம். இரண்டாவது மட்டும் தேய்த்துக் கழுவியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. ராத்திரி ரேடியேட்டர் அழுத்தத்தில் கூலன்ட் துளித்துளியாக அந்த சிலிண்டருக்குள் இறங்கி, காலையில் எரியும்போது ஆவியாகிப் பிளக்கைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் மட்டும் மிஸ் அடித்து, கூலன்டும் குறைந்தால், காயிலை மாற்றும் முன், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

அதை உறுதி செய்யும் சோதனை எளிது. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதில் நீல நிறத் திரவம் ஊற்றி, ஓடும் இன்ஜினின் ஆவியை அதன் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். எனக்கு இரண்டே நிமிடத்தில் மஞ்சளானது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம் பார்த்ததில் அடுத்தடுத்த இரண்டும் மூன்றும் குறைந்திருந்தன. சரி, ஹெட்டை இறக்கினோம்.

லேத் பட்டறையில் ஒரு பெரியவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹெட்டைத் துடைத்துக் கவிழ்த்து, நேரான இரும்புப் பட்டையை மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு சுலபமாக நுழைந்தது. மேனுவலில் என் வண்டிக்கு எல்லையே அதுதான். 0.10 தகடும் நடுவில் நுழைந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவ ஃபேஸிங் போட்டோம், புது கேஸ்கட், புது ஹெட் போல்ட். பழைய போல்ட்டையே போடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வகை போல்ட் முறுக்கும்போது நீளும், ஒருமுறை நீண்டதை மறுபடி போட்டால் பிடிப்பு இருக்காது. டார்க் ரென்ச் வைத்து நடுவிலிருந்து வெளியே வரிசையாக முறுக்குகிறார்களா என்று நின்று பாருங்கள். எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய்.

அதே வேலையில் அவர்கள் எனக்குத் தெரியாமல் ஒரு 'உதவி'யும் செய்திருந்தார்கள். கூலன்ட் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். "நம்மூர் வெயிலுக்கு அது எதுக்குங்கண்ணா? அது இல்லாட்டி சூடே ஏறாது" என்றார்கள். நம் ஊரில் பல இடங்களில் இதுதான் வழக்கம். ஆனால் லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி 10-க்கு இறங்கியது. டிசம்பரில் வால்பாறையில் அரை மணி நேரம் ஓட்டியும் முள் எழவில்லை. செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. அடாப்டரைச் செருகி செல்போனில் பார்த்தால் பி0128 என்ற கோளாறு எண், அதாவது இன்ஜின் இருக்க வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். 82 டிகிரியில் திறக்கும் புது வால்வு போட்டபிறகு விளக்கும் அணைந்தது, மைலேஜும் திரும்பியது.

அந்த அடாப்டரை அப்புறம் கழற்றவே இல்லை. என் வண்டியில் 80-லிருந்து 105 டிகிரி வரை டேஷ்போர்டு முள் அசையாமல் நடுவிலேயே நிற்கிறது. செல்போனில் உண்மையான எண் தெரியும். சாதாரணமாக 88, டிராஃபிக்கில் 95-க்கு ஃபேன் ஓடும், 90-க்கு நிற்கும். வண்டி நிற்கும்போது மட்டும் சூடு ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், ரிலே, ஃபேன் சுவிட்ச் பக்கம் பாருங்கள். வேகமாக ஓடும்போதோ மலை ஏறும்போதோ ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது கூலன்ட் ஓட்டம்.

முதலில் கூலன்ட் எங்கேதான் போனது? ஹெட் வேலைக்குப் பிறகும் கொஞ்சம் குறைந்தது. இந்தமுறை பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் ஆளைத் தேடிப் போனேன். கைப் பம்பால் 0.9 பார் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வருவதற்குள் முள் பாதியாக இறங்கியிருந்தது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பில், மேலே மூலையில், நகக்கண் அளவு வெடிப்பு. ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. சூடாகி அழுத்தம் ஏறினால் மட்டுமே கசியும், கசிந்ததும் காய்ந்துவிடும். அதனால்தான் தரையில் சொட்டு விழவில்லை. 2019-லேயே இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் பம்ப், ஹோஸ், காயில், ஹெட் எதற்கும் செலவு வந்திருக்காது. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பிரேக்குக்கு வருகிறேன். 2022-ல் வால்பாறையிலிருந்து இறங்கும்போது ஆழியாறு நெருங்கும் வளைவுகளில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. இரண்டு தடவை பம்ப் செய்தால்தான் பிடித்தது. பின் சீட்டில் அம்மா இருந்தார். இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் சேர்த்து, ஒரு வழியாக நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியானது. சூட்டில் மட்டும் மெத்தென்று ஆகி, ஆறினால் சரியாவது பிரேக் ஆயில் கொதித்ததற்கான அடையாளம். பாட்டிலில் பார்த்தால் காபி டிகாஷன் நிறம். வாங்கியதிலிருந்து நான் மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்தபிறகு அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் அது போதாது. இப்போது டாட் 4 போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இறங்கும்போது மூன்றாம் கியரில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்ததும் என் தப்புதான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று வால்பாறை பஸ் டிரைவர்கள் சொல்வது சரியான பேச்சு.

ஆயில் மாற்றிய இடத்தில் ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, ஒரு பையன் பெடலைத் தரையில் முட்டும்வரை ஓங்கி ஓங்கி மிதித்தான். ஒரே வாரத்தில் புதுக் கோளாறு. சிக்னலில் மிதித்தபடி நின்றால் கால் மெல்ல மெல்லக் கீழே போகிறது. வெளியே எங்கும் கசிவில்லை, ஆயில் அளவும் குறையவில்லை. பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் அன்றாடம் ஓடும் பகுதி வழவழப்பாக இருக்கும். ஆழத்தில் வருடக்கணக்காகச் சீல் தொடாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரை வரை மிதித்தால் சீல் அதன்மேல் ஏறிக் கிழியும். மாஸ்டர் சிலிண்டரை முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது ஏர் எடுக்கும்போதெல்லாம் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை நானே வைத்துவிடுகிறேன்.

பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது, டிஸ்க்கைப் பிடிக்கும் வலது காலிபரின் கைடு பின் காய்ந்து இறுகியதால். கழற்றி, அதற்கான கிரீஸ் போட்டதோடு சரியானது. ஐடிலிங்கில் ஆர்.பி.எம். ஏறி இறங்கியது த்ராட்டில் பாடி அழுக்கால். பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரை மட்டும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை பெடலை மிதியுங்கள், மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது.

2024-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். விற்றுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். மூன்று வருடமாகக் கூலன்ட் ஒரு சொட்டுக் குறையவில்லை, கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் ஒரே அளவு. எனக்கு மனசு வரவில்லை. போன மாதம் நாலு பேரோடு, ஏ.சி. போட்டே ஏறினேன். ஒன்பதாவது வளைவில் செல்போனில் 93 காட்டியது. இறங்கி வந்தபிறகு சக்கரங்களைப் பார்த்ததில், பின் வலது டிரம்மின் அடியில் மட்டும் லேசாக ஈரம். டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டராகத்தான் இருக்கும். ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பாகம் வாங்கப் போகிறேன்.