மிதித்தால் மட்டும் வரும் சத்தம்: கோவையில் ஒரு பழைய ரோடு பைக்கின் சர்வீஸ் அனுபவம்

ஐரோப்பாவில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடுகிற ஜூலை, ஆகஸ்டில்தான் எங்களால் ஊருக்கு வர முடியும். கோவையில் அது காற்றுக்காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, பேரூர் தாண்டி மேற்கே போனால் முகத்தில் அறையும். திரும்பி வரும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும். சிறுவாணி சாலையில் அந்தக் காற்றோடு சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. நெதர்லாந்தின் ஐந்தோவனில் நான் ஓட்டும் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றுவதைவிட இங்கேயே ஒரு செகண்ட் ஹேண்ட் ரோடு பைக் வாங்கிவிடலாம், போகும்போது அக்கா மகனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

கிடைத்தது நல்ல வண்டி. அலுமினிய பிரேம், கார்பன் போர்க், ஷிமானோ 105 கியர் செட், பின்னால் 11 கியர், முன்னால் 50-க்கு 34 பல் செயின் வீல். விற்ற பையன் கொடுப்பதற்கு முன்பு பைக் சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று வைத்திருந்தான். பழைய சைக்கிள் விற்பவர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள். அழுக்கோடு சேர்த்து, பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸையும் அந்தத் தண்ணீர் கிளப்பிவிடும். கொஞ்சம் அழுக்கான சைக்கிளை வாங்குவது நல்லது. எங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது, எங்கே துரு பிடித்திருக்கிறது என்று அழுக்கே காட்டிக்கொடுக்கும்.

வடவள்ளி தாண்டி ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபோது சத்தம் தொடங்கியது. ஒன்றல்ல, இரண்டு. வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு 'கிறீக்'. அதற்கு நடுவே, எந்தக் காலோடும் சேராமல், தாளம் தப்பிய 'டிக்'. மிதிப்பதை நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடும்.

முதலில் போனது நகரத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஒரு பெரிய ஷோரூமுக்கு. வரவேற்பு நன்றாக இருந்தது; காபி கொடுத்தார்கள். சர்வீஸ் பையன் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) கையால் ஒரு சுற்று சுற்றி, "பிபி போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். பிபி என்பது இரண்டு கிராங்கும் சேரும் இடத்தில் பிரேமில் இருக்கும் பேரிங். சைக்கிளை ஓட்டிப் பார்க்கவில்லை. சத்தம் எப்போது வருகிறது, எந்தக் கியரில் வருகிறது என்று ஒரு கேள்வியும் இல்லை. மறுநாள் பாகமும் கூலியுமாக 2,400 ரூபாய் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். பேரூர் பாலம் ஏறும்போதே அதே 'கிறீக்', அதே 'டிக்'. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "பழைய பிரேம் சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு 2,400 ரூபாயைவிட அந்த பதில்தான் வருத்தமாக இருந்தது. சத்தத்துக்குக் காரணம் இல்லாமல் இருக்காது.

அக்கா வீட்டுக்காரர் கணபதி பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் சொல்லித்தான் டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றில் சைக்கிளை மாட்டி வேலை செய்கிறார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகள்தான் வந்தன.

"மிதிக்காம உருட்டி உட்டா வருதுங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணா."

"எந்திரிச்சு நின்னு மிதிச்சா?"

"அப்பத்தான் அதிகமா வருதுங்க."

"சரி, இறங்குங்க, நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் ரோடு பைக்கில் ஏறி, மதில் சுவர் நீளமாக ஓடும் சந்துக்குள் போனார். காற்றடிக்கும் நாளில் திறந்த சாலையில் ஓட்டினால் ஒன்றும் கேட்காது. சுவரை ஒட்டி ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்பி வரும். உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை, பெரிய செயின் வீலில் ஒரு தடவை, சின்னதில் ஒரு தடவை என்று போய்வந்தார். இறங்கியதும், "ரெண்டு வேற வேற வியாதிங்க" என்றார்.

'டிக்' சத்தத்துக்கு அவர் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கிராங்க் சுற்றுக்கு ஒரு தடவை தவறாமல் வந்தால் பெடல், கிராங்க், பிபி, ஷூவைப் பெடலில் மாட்டும் கிளீட் இவற்றில் ஒன்று. இந்த 'டிக்' இரண்டு சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு வருகிறது. செயினில் சுமார் 110 கண்ணி, செயின் வீலில் 50 பல்; செயின் ஒரு முழுச் சுற்று வர கிராங்க் 2.2 தடவை சுற்ற வேண்டும். 34 பல்லுக்கு மாற்றினால் 3.2 தடவை. சின்ன செயின் வீலுக்கு மாற்றியபோது 'டிக்'கும் அதே அளவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அப்படியென்றால் சத்தம் செயினோடு சேர்ந்து பயணம் செய்கிறது.

கயிற்றில் தொங்கவிட்டு, கிராங்கை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றச் சொன்னார். அவர் கண் பின் டெரெய்லரின் (செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் கருவி) குட்டிச் சக்கரங்களின் மேல் இருந்தது. ஒரு குறிப்பிட்ட கண்ணி அதற்குள் வளைந்து நுழையும்போது டெரெய்லர் லேசாகத் துள்ளியது. அங்கே விரலை வைத்து நிறுத்தினார். மற்ற கண்ணிகள் தளர்வாக மடங்க, அது மட்டும் விறைத்து நின்றது. யாரோ செயினைக் கழற்றி, கண்ணிகளைக் கோக்கும் பழைய 'பின்'னையே திரும்ப அடித்திருக்கிறார்கள். 11 கியர் செயின் மெல்லியது; ஒரு தடவை வெளியே தள்ளிய பின்னை மறுபடி உள்ளே அடித்தால் சரியாகப் பிடிக்காது. செயின் அறுந்திருந்தால் ஏற்றத்தில் நின்று மிதித்த நான் சாலையில் விழுந்திருப்பேன். அந்தக் கண்ணியை எடுத்துவிட்டு, 11 கியருக்கான செயின் லாக் ஒன்றைப் போட்டார். 'டிக்' போய்விட்டது.

'கிறீக்' அவ்வளவு எளிதாகச் சிக்கவில்லை. சீட்டில் உட்காராமல் நின்று மிதித்தாலும் வருவதால் சீட்டும் சீட் குழாயும் காரணமில்லை. வேறொரு கியர் சைக்கிளின் பெடல்களை மாட்டினார் (இடது பெடலுக்கு எதிர்த்திரெட் என்பதை அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே), சத்தம் போகவில்லை. அப்புறம் பைக்கைத் தரையில் நிறுத்தி என்னை முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கிராங்கைக் கிடையாக வைத்து வலது பெடலின் மேல் தன் எடையைக் கொடுத்தார். நின்ற வண்டியிலேயே 'கிறீக்' என்றது. இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் வரவழைக்கலாம்.

அக்கா மகன் பெடலை அமுக்க, அவர் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு முனையை பிபி கப்பில் வைத்தார். அப்புறம் சீட் குழாய், செயின் வீல் போல்ட்டு, டெரெய்லர் தொங்கும் காது, கடைசியாகப் பின் சக்கரத்தின் குவிக் ரிலீஸ் (சக்கரத்தைப் பிரேமோடு இறுக்கும் நெம்புகோல் வைத்த கம்பி). அங்கே வைத்ததும் முகம் மாறியது. என்னையும் கேட்கச் சொன்னார். பிபியில் வைத்தபோது மங்கலாகக் கேட்ட சத்தம், குவிக் ரிலீஸில் எலும்புக்குள்ளேயே வெடிப்பது மாதிரி கேட்டது. அலுமினியக் குழாய் சத்தத்தை முழுக்கக் கடத்தும். பின் சக்கரத்தில் பிறந்தது காலடியில் கேட்டதற்கும், ஷோரூமில் பிபியைச் சொன்னதற்கும் அதுதான் காரணம்.

சக்கரத்தைக் கழற்றினார். முந்தைய சொந்தக்காரர் எடை குறைவுக்காக மெல்லிய அலங்காரக் குவிக் ரிலீஸ் ஒன்றைப் போட்டிருந்தார். நெம்புகோலின் கேம் (மடக்கும்போது இறுக்கும் பகுதி) வெளியே தெரியும், அடியில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் இருக்கும் ரகம். கேம் உள்ளே மூடியிருக்கும் பழைய ரகத்தைப் போல அது இறுகப் பிடிக்காது. வலது காலை அழுத்தும்போதெல்லாம் செயின் சக்கரத்தின் வலது பக்கத்தை முன்னோக்கி இழுக்கிறது. பிடி போதாததால் அச்சு நுனி பிரேமின் காதில் (அச்சு உட்காரும் பிளவு) முடியளவு நகர்ந்து உரசுகிறது. காதில் வளையமாக ஒரு கறுத்த தேய்மானம் இருந்தது. துணியால் துடைத்து, விரல் நுனியில் கிரீஸ் தொட்டுத் தடவினார். டப்பாவைக் கிளறி, எந்தக் காலத்து ஷிமானோ குவிக் ரிலீஸோ ஒன்றை எடுத்து மாட்டி இறுக்கினார். பெடலை அமுக்கினால் அமைதி.

பிறகு, "பழைய பிபிய வாங்கி வெச்சீங்களா?" என்று கேட்டார். கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கப்புகளை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே" என்றார்.

இரண்டு மணி நேர வேலை. பழைய குவிக் ரிலீஸுக்கும் செயின் லாக்குக்கும் சேர்த்து 350 ரூபாய் கேட்டார். மற்றதற்கு எவ்வளவு என்றேன். "சத்தம் கண்டுபிடிச்சதுக்கெல்லாம் காசு வாங்குவாங்களா" என்று சிரித்தார். வற்புறுத்தித்தான் மேற்கொண்டு கையில் வைத்துவிட்டு வந்தேன்.

இதைத்தான் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் சொல்ல நினைக்கிறேன். ஐந்தோவனில் சைக்கிளைக் கடையில் விட்டால் மெக்கானிக் அதோடு செலவிடும் நேரத்துக்குத்தான் முதலில் பணம், பாகம் தனி. நம் ஊரில் பாகத்துக்குக் கொடுப்போம், கூலிக்கு முணுமுணுப்போம், கண்டுபிடிக்கும் மூளைக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. பாகம் மாற்றினால்தான் காசு என்றால் கடைக்காரர் பாகத்தைத்தான் மாற்றுவார். ஷோரூம் பையனின் சாமர்த்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்து யோசிக்க அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. "பார்த்துச் சொல்ல இவ்வளவு" என்று பில்லில் ஒரு வரி வரட்டும். நான் சந்தோஷமாகக் கட்டுவேன்.

சின்னக் கடையிலும் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை: டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லை. அவர் கை அனுபவத்தில் இறுக்குகிறார். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அது பெரும்பாலும் போதும். கார்பன் சீட் குழாய், கார்பன் ஹேண்டில் பார் என்றால் பல இடங்களில் 5 நியூட்டன் மீட்டர்தான் எல்லை. மீறினால் விரிசல் விடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட் டப்பாவோடு ஒரு சின்ன டார்க் கீயும் கொண்டுவரலாம். நான் அடுத்த முறை அவருக்கே ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைக்குப் போகும்போது, "மிதிக்கும்போது மட்டுமா, உருளும்போதுமா? உட்கார்ந்தாலா, நின்றாலா? சுற்றுக்கு ஒரு தடவையா?" என்ற மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு போங்கள். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டிப் பார்க்காமல் பாகம் சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

சைக்கிள் இப்போது அக்கா மகனிடம். பீளமேட்டில் கல்லூரிக்கு அதில்தான் போகிறான். கிளம்புவதற்கு முன் செயினை அளந்தோம்: 12 அங்குலத்தில் நிற்க வேண்டிய பின், 1/16 அங்குலம் தள்ளி நின்றது. 11 கியர் செயினுக்கு அது மாற்ற வேண்டிய நேரம். புது செயின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மாட்டுகிற கூலியைத் தனியாக எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். டவுன்ஹால் கடையில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.