ஃபிளைட்டுக்குன்னு விக்கிற காது பிளக், நாலு பயணம் போட்டுப் பார்த்தாச்சு

ஃபிளைட் இறங்க ஆரம்பிச்சாலே எனக்கு காது அடைச்சுக்கிட்டு உயிர் போற மாதிரி வலிக்கும், சில தடவை மறுநாள் வரைக்கும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான் எல்லார் பேச்சும் கேட்கும். அதனாலதான் "பிரஷரை பேலன்ஸ் பண்ணும்"னு அட்டையில போட்டிருந்த இந்த பிளக்கை வாங்கினேன்.

பார்க்க சாதா சிலிக்கான் பிளக்தான், நடுவுல ஒரு சின்ன செராமிக் துண்டு இருக்கு. அது வழியா காத்து ரொம்ப மெதுவா கசியும், வெளிய பிரஷர் மாறுனாலும் செவிப்பறைக்கு கொஞ்சம் லேட்டா போய்ச் சேரும். அவ்ளோதான் இதோட வித்தை.

விமானம் 35000 அடியில பறந்தாலும் கேபின் உள்ள 6000-லருந்து 8000 அடி மலை மேல இருக்கிற அளவுக்குத்தான் காத்தழுத்தம் வைப்பாங்க. 8000 அடின்னா தரையில இருக்கிறதுல கிட்டத்தட்ட முக்கால் பங்கு. அழுத்தம் குறைஞ்சா வாயு விரியும்னு ராபர்ட் பாயில்ங்கிற விஞ்ஞானி 1662-லயே சொல்லிட்டார், மேல போனதும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி நிக்கிறதும் நம்ம வயிறு உப்புறதும் அதே கதைதான். செவிப்பறைக்குப் பின்னாடி இருக்கிற நடுக்காதுலயும் காத்து இருக்கு, ஏறும்போது அது யூஸ்டேஷியன் குழாய் வழியா தொண்டைப் பக்கம் தானா வெளிய வந்துடும், வம்பே இல்ல. இறங்கும்போதுதான் சிக்கல், வெளிய அழுத்தம் கூடிக்கிட்டே வரும். மேல இருக்கும்போது தண்ணி குடிச்சுட்டு இறுக்கி மூடின பாட்டிலை தரை இறங்கினதும் எடுத்துப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒட்டி நசுங்கிப் போயிருக்கும். செவிப்பறையும் அப்படித்தான் உள்பக்கமா அழுந்துது. அந்தக் குழாய் எச்சில் முழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறந்து காத்தை உள்ள விடும், சளி பிடிச்சிருந்தா அதுவும் வீங்கிப் போய் திறக்காது.

சரி, பிளக்குக்கு வரேன். ரெண்டாவது பயணத்துல வேணும்னே இடது காதுல மட்டும் போட்டுக்கிட்டேன். வலது காது முதல்ல அடைச்சுது, ஆனா முழுங்கினதும் பொட்டுன்னு திறந்துடுச்சு. இடது காது லேட்டா அடைச்சுது, அதுவும் முழுங்கினாதான் திறந்துச்சு. ஆக இது அழுத்தத்தை சமன் எல்லாம் பண்ணல, நமக்கு கொஞ்சம் டைம் வாங்கிக் கொடுக்குது, வேலையை நாமதான் செய்யணும். 8000 அடியிலருந்து இறங்குற மாதிரி பிரஷர் சேம்பர்ல வச்சு டெஸ்ட் பண்ணி 2005-ல வந்த ஒரு ஆய்வும் இந்த மாதிரி பிளக் காது பாதிப்பைத் தடுக்கலன்னுதான் சொல்லுது, அதை வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும் நான்.

மூணாவது பயணம் மூக்கடைப்போட போனேன், ரெண்டு காதுலயும் பிளக், ரெண்டு காதுலயும் வலி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிப் பார்த்தேன், கொஞ்சம் விட்டுது. மூக்கைப் பிடிச்சு ஊதுறவங்க மெதுவா ஊதுங்க, முக்கி ஊதினா காதுக்கே ஆபத்து.

இன்னொன்னு, இதைப் போட்டுக்கிட்டு யாரும் ஸ்கூபா டைவிங் பக்கம் போயிடாதீங்க. தண்ணிக்குள்ள 10 மீட்டர் போனாலே அழுத்தம் ரெண்டு மடங்கு ஆயிடும், பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவுல மாட்டுன காத்து பாதியா சுருங்கும், அப்புறம் செவிப்பறை கிழிஞ்சா யாரைக் கேட்குறது?

இதுல உண்மையிலேயே நல்ல விஷயம் இன்ஜின் இரைச்சல் நல்லா குறையுது, அதுக்கு அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். வலிக்கு ரெண்டுதான். ஆனா அந்த அமைதியிலயும் ஒரு வினை இருக்கு, நாலாவது பயணத்துல சுகமா தூங்கிட்டேன், தூங்கும்போது நாம முழுங்குறதே கம்மி, லேண்டிங்ல முழிச்சப்ப ரெண்டு காதும் கல்லு மாதிரி அடைச்சிருந்துச்சு. இனிமே பக்கத்து சீட்காரர்கிட்ட, இறங்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி எழுப்பிவிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் பிளக்கையே மாட்டணும், வாயில போட ஒரு மிட்டாயும் ரெடியா இருக்கணும்.