சம்மதமா, 2018 விதிமுறைகளா: பிரிட்டனில் ஆபீஸ் அழைப்பைப் பதிவு செய்ய எது தோது?

பிரிட்டனில் ஆபீஸ் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்சிலேயே அழைப்பு பதிவாகி, பேசாத மூன்றாமவர் அதைக் கேட்க முடிந்தால் சட்டப்படி அது இடைமறிப்பு. அதை முறைப்படுத்த 2016 புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. 44ஆம் பிரிவு: பேசும் இரு தரப்பின் சம்மதம். 46ஆம் பிரிவு: அதன்கீழ் வந்த, தொழில் நிறுவனங்களுக்கான 2018 விதிமுறைகள். எங்கள் தேர்வு இரண்டாவது.

சம்மதம் கேட்பது பார்க்க நாகரிகம்தான். "சம்மதம் என்றால் 1ஐ அழுத்தவும்", முடிந்தது. ஆனால் அந்தக் குரல் மெயின் நம்பரில் மட்டுமே ஒலிக்கும். நேரடி எக்ஸ்டென்ஷனுக்கு வருபவர் காதில் அது விழாது. நீங்கள் வெளியே அழைக்கும்போது மெனுவே கிடையாது. அம்மா 1ஐ அழுத்திவிட்டு போனை மகனிடம் கொடுத்தால் அது மகனின் சம்மதமாகாது. ஊழியர் பாடு இன்னும் சிக்கல்: முதலாளி கேட்டால் மறுக்க முடியாதவர் தரும் சம்மதத்தைத் தரவுப் பாதுகாப்பு ஆணையமான ஐசிஓ எளிதில் ஏற்பதில்லை.

இதையெல்லாம் சமாளித்தாலும் பராமரிப்பு முதுகை ஒடிக்கும். யார், எப்போது, எந்த அழைப்பில் சம்மதித்தார் என்பதற்கு ஒவ்வொரு ஒலிக்கோப்போடும் ஆதாரம் ஒட்டியிருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சை மாற்றும்போது அந்த இணைப்பு அறுந்தால், குரல் இருக்கும், சம்மதம் இருக்காது.

2018 விதிமுறைகளில் ஆதாரம் ஒரே கோப்புறைக்குள் அடங்கும். பேசி ஒப்புக்கொண்டதை நிரூபிக்க, விதி மீறலையும் சேவைத் தரத்தையும் சோதிக்க, குற்றம் கண்டுபிடிக்க எனக் காரணங்கள் வரையறுக்கப்பட்டவை. அழைப்பு தொழில் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். போனைப் பயன்படுத்துவோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்திருக்க வேண்டும். வேலையில் சேரும் நாளில் ஒரு தாள், அதில் கையெழுத்து. வருடம் ஒருமுறை மறுசுற்று. பழைய தாள்கள் தேதியோடு பத்திரம். வெளியிலிருந்து அழைப்பவருக்கும் சொல்லியாக வேண்டும். அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டளை.

தனிப்பட்ட பேச்சுக்கு இந்த விதிமுறைகள் குடை பிடிக்காது. மெர்சிசைட் போலீஸ் உயரதிகாரி ஆலிசன் ஹால்ஃபோர்டின் ஆபீஸ் போனை ஒட்டுக்கேட்ட வழக்கில், 1997இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. ஓய்வறையில் பதிவாகாத ஒரு போன் வைத்துவிடுங்கள், செலவு சொற்பம்.

போனில் கார்டு மூலம் பணம் வாங்கினால், கார்டின் பின்பக்க மூன்று இலக்கப் பாதுகாப்பு எண் பதிவில் தங்கக் கூடாது. அந்த நேரம் பதிவை நிறுத்தி மறுபடி ஓட்டும் பொத்தானை ஊழியர் மறப்பார். வாடிக்கையாளரே எண்ணை அழுத்த, அதன் ஒலியை மறைக்கும் அமைப்பு நம்பகமானது. பதிவுகள் இடத்தையும் அடைக்கும்: ஜி.711 என்ற வழக்கமான தொலைபேசி ஒலி வடிவில் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி. 10 லைன், ஒவ்வொன்றிலும் தினம் 5 மணி நேரம் என்றால் நாளுக்குக் கிட்டத்தட்ட 1.4 ஜிபி. அழிக்கும் தேதியைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். தன் பதிவைக் கேட்டு ஒருவர் எழுதினால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் எடுத்துக் கொடுக்க வேண்டும். குப்பை குறைவாக இருந்தால்தான் தேட முடியும்.

வாடிக்கையாளர் குரலை விளம்பரத்தில் போட நினைத்தால் மட்டும் சம்மத வழிக்கே போங்கள். அந்தக் காரணம் 2018 பட்டியலில் இல்லை.