மெல்லிய அடி ஷூ: ஐந்து மாத அனுபவம்

ரூ.2,790 கொடுத்து வாங்கினேன். அடிப்பாகம் மொத்தமே 5 மி.மீ.; உள்ளே மெத்தை கிடையாது, குதிகால் உயரமும் கிடையாது. சுருட்டினால் டிபன் பாக்ஸில் அடங்கிவிடும். (அடக்கிப் பார்த்து வீட்டில் திட்டு வாங்கினேன்.)

வாங்க வைத்தது கடைப் பையனின் பேச்சு. "சார், மனுஷன் இருபது லட்சம் வருஷமா வெறுங்காலில் ஓடினவன்!" அவன் புளுகவில்லை. 2004இல் பிராம்பிள், லீபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியதும் ஏறக்குறைய அதுதான்: நீளமான குதிகால் தசைநாண், பெருத்த பிட்டத் தசை, ஓடும்போது தலை ஆடாமல் பிடிக்கும் பிடரி நார் எல்லாம் நெடுந்தூர ஓட்டத்துக்கு வாய்த்தவை என்றார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா வெறுங்காலோடு மாரத்தான் ஜெயித்த கதையையும் பையன் சொன்னான். அதே ஆள் 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு இன்னும் வேகமாக ஓடி ஜெயித்ததை மட்டும் விட்டுவிட்டான்.

முதல் நாளே மெரினாவில் கலங்கரை விளக்கம் தொடங்கி உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பினேன். மறுநாள் ஆபீஸ் படிக்கட்டில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். தடித்த ஷூவில் குதிகாலை ஊன்றியே ஓடிப் பழகியவன் நான். இதில் அப்படி ஊன்றினால் வலிக்கும். கால் தானாக முன்பாதத்தில் இறங்கும், சுமை முழுக்கக் கெண்டைக்காலுக்குப் போகும். குற்றம் ஷூவுடையது இல்லை, என் அவசரம். அப்புறம் 400 மீட்டரில் தொடங்கினேன். இப்போது வாரம் இரண்டு நாள் 5 கி.மீ., மற்ற நாட்களில் பழைய ஷூதான்.

எல்லையில் நின்ற சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதில் இந்த ஷூவுக்குப் பங்கு தர மாட்டேன். எதைப் போட்டு ஓடியிருந்தாலும் இறங்கியிருக்கும்.

அளவு ஒரு நம்பர் கூட்டி எடுங்கள், சின்னதாக வருகிறது. கூழாங்கல் ஒவ்வொன்றும் காலில் தெரியும். மூன்றாம் மாதமே சுண்டுவிரல் பக்கம் தையல் விட்டது; இந்த விலைக்கு அது அநியாயம். மயிலாப்பூரில் தைத்துக் கொடுத்தவர் 40 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இதுக்கு டயர் செருப்பே போட்டிருக்கலாமே சார்?" என்றார். மெக்சிகோவில் தாராஹுமாரா மக்கள் பழைய டயர் செருப்போடுதான் மலையில் நாள் கணக்கில் ஓடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அப்போ கால் அளவு குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.